எண்ணிக்கைக்காக ஈன்றெடுப்பதா?

(மகளிர் அரங்கொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மணமக்களை வாழ்த்துங்கால் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று கூறுவது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கு. அப் பதினாறு யாவை என வினவின், கல்வி, அறிவு, வலிமை, வெற்றி, துணிவு, பொன், நெல், நோயின்மை, நீண்ட வாழ்நாள், பெருமை என ஒரு பட்டியல் வரும். அப் பட்டியலில் நன்மக்களும் உண்டு. ஆனால் பதினாறனுள் ஒன்றாக மட்டுமே உண்டு. பதினாறு பேறுகளைப் பதினாறு பிள்ளைகளாகக் கொண்டது பிற்கால நகைச்சுவை. அது நகைச்சுவையாக இருந்தவரையில் கேடொன்றும் இல்லை.

2024 அக்தோபரில் சென்னையில் நடைபெற்ற கூட்டுத் திருமண விழா ஒன்றில், அப்போது முதலமைச்சராயிருந்த மு.க. இசுடாலின் இவ் வாழ்த்தை நினைவூட்டினார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழகம் அதனாலேயே நாடாளுமன்றத் தொகுதிகளை இழக்க நேருமாயின், பதினாறு பிள்ளைகளையே பெற்றால் என்ன என்று எண்ணவேண்டிய நிலை வந்துவிட்டது என்பது அவர் பேச்சின் கருத்து. அது பாதி நகையும் பாதி சினமுமாகச் சொல்லப்பட்டதாகவே கொள்ளலாம். ஆனால் 2025 மார்ச்சில் மீண்டும் ஒரு திருமண மேடையில், புதுமணமக்கள் காலந் தாழ்த்தாது பிள்ளை பெறவேண்டும், பிறக்கும் பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டவேண்டும் என்றார். தமிழ்ப்பெயர் பற்றிய பாதிக்கு இவ் வரங்கில் மறுப்பிராது. மற்றைப் பாதியைப் பற்றியதே இவ்வுரை. அதே 2024 அக்தோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபுவும் பிள்ளைப்பேற்றைப் பெருக்குமாறு தம் மக்களுக்குக் கூறினார். இரண்டு பிள்ளைக்கு மேற்பட்டோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்றிருந்த விதி, அடுத்த திங்களே ஆந்திரத்தில் நீக்கப்பட்டது. நேற்றுவரை மூன்றாம் பிள்ளை குற்றம். இன்று அது நாட்டுப்பற்று!

தமிழகத்தின் சினம் முறையானதே. அதனை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேசவேண்டும். 1962 தேர்தலில் தமிழகத்திற்கு நாடாளுமன்ற மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்பிற்குப்பின் அவை 39 ஆயின. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆம் திருத்தத்தின்வழி, 1971 கணக்கெடுப்பே மாநிலங்களுக்கான இடப்பகிர்வுக்கு அடிப்படையாக உறைய வைக்கப்பட்டது. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தொகுதியை இழக்கலாகாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட கருத்து. 84-ஆம் திருத்தம் அவ் வுறைவை 2026-க்குப் பின்வரும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2025 சூனில், அடுத்த கணக்கெடுப்பிற்குரிய நாள் 2027 மார்ச்சு 1 என அறிவிக்கப்பட்டது. அவ் வாண்டு மார்ச்சு 22-இல் பல மாநிலத் தலைவர்கள் சென்னையிற் கூடி, 1971 கணக்கையே மேலும் 25 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் எனக் கோரினர்.

2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழகத்துப் பெண்ணொருத்தி தன் வாழ்நாளில் நிரவலாக 1.4 பிள்ளை பெறுகிறாள், பீகாரில் 3.0. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப 2.1 வேண்டும் என்பர் மக்கள்தொகை வல்லுநர். தமிழகம் அக் கோட்டை 1990-களின் தொடக்கத்திலேயே கடந்து கீழிறங்கிவிட்டது. எனவே வெறும் தலையெண்ணிக்கையால் இடங்களைப் பகிர்ந்தால் தமிழகம் பின்தள்ளப்படும் என்பதில் ஐயமில்லை.

ஐயம் வேறோரிடத்தில் எழுகிறது. அரசியல் மேசையில் இழைக்கப்படும் முறைகேட்டிற்கு மகப்பேற்று அறையில் விடைதேடலாமா?

கணக்கையே பார்ப்போம். தமிழகத்தில் ஆண்டொன்றுக்குப் பிறப்பு ஏறத்தாழ ஒன்பது இலக்கம் என்று கொள்க. எல்லாத் தாய்மாரும் இன்றே மனம்வைத்து, ஒரே ஆண்டில் அதனை இருமடங்காக்கி, அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தனர் என்றும் கொள்க. இரண்டாண்டில் மிகையாகக் கிடைப்பது பதினெட்டு இலக்கம் குழந்தைகள். ஏழரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் அது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. 39 இடங்களுள் ஓர் இடத்தைக்கூட அது முழுமையாக ஈட்டித் தராது. ஒரு தொகுதிக்கும் குறைவான ஊதியத்திற்காகப் பதினெட்டு இலக்கம் பெண்கள் பத்துத் திங்கள் சுமக்கவேண்டும். அதன்பின் இருபது ஆண்டுகள் வளர்க்கவேண்டும். மேடையில் வாழ்த்துவோர் யாரும் இக் கணக்கைச் சொல்வதில்லை.

பிறப்பைக் கூட்டுவதற்கென ஓர் அரசு பெண்ணின் உடலை முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்குக் கற்பனை வேண்டா. அது நடந்து முடிந்திருக்கிறது. உருமேனியா நாட்டுச் செய்தியைத் தமிழர் அறிந்துவைத்தல் நன்று.

உருமேனியாவில் 1957 முதல் கருக்கலைப்பு சட்டத்திற்கு உட்பட்டதாயிருந்தது. ஏனைய கருத்தடை முறைகள் எளிதிற் கிட்டாமையால் மகளிர் பெரும்பாலும் அதனையே நாடினர். 1965-இல் மட்டும் பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் நடந்தன. பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ நான்கு. பிறப்பு குறைந்தது. நாட்டிற்கு உழைக்கும் கைகள் போதா என்று கருதினார் ஆட்சித் தலைவர் நிக்கோலே சவுசெசுக்கு. 1966 அக்தோபரில் 770-ஆம் எண் ஆணை வெளிவந்தது. 45 அகவை கடந்தவர், நான்கு பிள்ளை பெற்றவர், உயிருக்கு இடர் நேர்ந்தவர், வன்கொடுமைக்கு ஆளானவர் முதலிய சிலர்க்கன்றி, மற்றெவர்க்கும் கருக்கலைப்பு குற்றமாயிற்று. முந்தைய திங்களில் மருத்துவமனை வாயிலில் உரிமையாயிருந்தது, அடுத்த திங்களில் சிறைக்கு வழியாயிற்று. மணமுறிவும் அவ் வாண்டிலேயே ஏறத்தாழ இயலாததாக ஆக்கப்பட்டது. 25 அகவை கடந்தும் பிள்ளையில்லாதார்மீது வரி சுமத்தப்பட்டது. கரு என்பது ஒட்டுமொத்தக் குமுகாயத்தின் உடைமை என்று அத் தலைவர் பேசினார்.

முதலாண்டில் அவர் வென்றார் என்றே சொல்லவேண்டும். 1966-இல் 2,73,678 ஆயிருந்த பிறப்பு, 1967-இல் 5,27,764 ஆயிற்று. ஒரே ஆண்டில் ஏறத்தாழ இருமடங்கு! மகப்பேற்று மனைகளில் கட்டில்கள் போதவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிகளில் வகுப்பறைகள் போதவில்லை. பிள்ளையைப் பெறுமாறு ஆணையிட்ட அரசு, அப் பிள்ளைக்குப் பாலும் பள்ளியும் வீடும் எங்கே என்று ஆணையிட மறந்தது.

பிறகு மக்கள் வழி கண்டனர். பிறப்பு ஆண்டுதோறும் இறங்கியது. 1983-இல் ஆயிரவர்க்கு 14.3 என, ஆணைக்கு முன்னிருந்த அளவிற்கே மீண்டுவந்தது. அரசோ மேலும் இறுக்கிற்று. 1980-களில் தொழிற்சாலை மகளிர் பணியிடத்திலேயே மருத்துவ ஆய்விற்கு உட்படுத்தப்பட்டனர். கருவுற்றவள் பட்டியலில் எழுதப்பட்டாள். பின்னர்ப் பிள்ளை பிறக்கவில்லையெனில் வினவப்பட்டாள். இக் கண்காணிப்பாளரை மாதவிடாய்க் காவலர் என்று மக்கள் எள்ளினர். 1985-இல் விலக்குப் பெறுவதற்கு ஐந்து பிள்ளைகள் வேண்டும் என்றாயிற்று. மறைவிடங்களில் கம்பியாலும் காரத்தாலும் கருவைக் கலைத்துக்கொண்டு குருதி வழிய மருத்துவமனைக்கு வந்தவளிடம், கலைத்தவர் பெயரைச் சொல் என்று கேட்டபின்பே மருத்துவம் செய்த கொடுமையும் நிகழ்ந்தது. அவள் வாய் திறக்குமுன் உயிர் பிரிந்ததும் உண்டு. தாய்மார் சாவு இருமடங்காகி, 1989-இல் இலக்கம் பிறப்பிற்கு 170 அளவில் நின்றது. ஐரோப்பாவிலேயே அதுதான் மிகுதி. அவற்றுள் பத்தில் எட்டிற்கு மேற்பட்டவை கருக்கலைப்பால் நேர்ந்தவை. இருபத்து மூன்றாண்டில் ஏறத்தாழப் பதினாயிரம் பெண்கள் இவ்வாறு மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர்.

பெற்றும் வளர்க்க இயலாதோர் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டனர். 1989-இல் அக் காப்பகங்களில் ஏறத்தாழ ஓரிலக்கம் குழந்தைகள் இருந்தன. அவர்களுட் பலர்க்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். ஆதலால் ஏதிலியர் என்ற பெயர்கூட அவர்கட்குப் பொருந்தாது. தூய்மையற்ற ஊசியாலும் குருதி ஏற்றியதாலும் ஆயிரக்கணக்கான குழந்தைகட்கு எய்ட்சு நோய்க்கிருமி தொற்றிற்று. கம்பிக் கட்டிலைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த அக் குழந்தைகளின் படங்கள் 1990-இல் உலகெங்கும் வெளிவந்தன. தாயின் மடி கிட்டாத குழந்தை தன்னைத் தானே தாலாட்டிக்கொள்ளும் அசைவு அது.

1989 திசம்பரில் உருமேனிய மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தெருவில் நின்ற இளைஞருட் பலர் 1967-இல் ஆணையாற் பிறந்தவர். அப்போது அவர்க்கு அகவை இருபத்திரண்டு. திசம்பர் 25-இல் சவுசெசுக்கு சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே, 26-இல், புதிய அரசு 770-ஆம் ஆணையை நீக்கிற்று. உணவின்றி, ஒளியின்றி, குளிரில் நடுங்கிய ஒரு நாடு, தன் விடுதலையின் முதற் செயல்களுள் ஒன்றாக இதனைச் செய்தது. அடுத்த ஆண்டே தாய்மார் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புதிய மருந்தோ புதிய மருத்துவமனையோ வந்து குறைக்கவில்லை. ஒரு தாளைக் கிழித்ததால் குறைந்தது.

உருமேனியா வல்லாட்சி நாடு, மக்களாட்சி நாட்டில் அவ்வாறு நேராது என்பர் சிலர். போலந்து தேர்தல் நடக்கும் நாடுதான். அங்கு 2016 முதல் பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் உதவித்தொகை தரப்பட்டது. 2020 அக்தோபரில் அந் நாட்டு அரசமைப்பு மன்றம் கருக்கலைப்பிற்கு எஞ்சியிருந்த வாயில்களுள் பெரியதை அடைத்தது. பல்லாயிரம் மகளிர் தெருவில் இறங்கினர். பிறப்பு கூடிற்றா? 2023-இல் பெண்ணொருத்திக்கு 1.2-க்கும் கீழே இறங்கிற்று. கதவை அடைத்தால் பெண்கள் பிள்ளை பெறுவார்கள் என்பது ஆடவர் கணக்கு. மருத்துவம் மறுக்கப்படும் என அஞ்சுகிறவள் கருவுறவே அஞ்சுகிறாள் என்பது பெண்டிர் கணக்கு.

சிங்கப்பூர்க் கதை தமிழருக்கு இன்னும் அண்மையானது; தமிழ் ஆட்சிமொழியாய் வாழும் நாடு அது; அங்குள்ள தமிழ்த் தாய்மாரும் இக் கதையில் உண்டு. 1972-இல் இரண்டோடு நிறுத்துக என்று அரசு முழங்கிற்று. மூன்றாம் பிள்ளைக்கு மருத்துவமனைக் கட்டணம் ஏறிற்று. பள்ளி இடத்தில் அப் பிள்ளை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1984-இல் பட்டம் பெற்ற தாயர்தம் பிள்ளைகட்குப் பள்ளியில் முன்னுரிமை தரப்பட்டது. படிப்புக் குறைந்த இளந்தாய் ஒன்றிரண்டு பிள்ளையோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் பதினாயிரம் வெள்ளி என்றும் அறிவித்தனர். அறிவுடைய பிள்ளை வேண்டும் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் கல்வி தருவது ஒரு வழி. படியாதவள் வயிற்றை விலைக்கு வாங்குவது இன்னொரு வழி. மக்கள் சினந்தமையால் பள்ளி முன்னுரிமை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1987-இல் அதே அரசு மூன்று பெறுக, இயலுமாயின் மேலும் பெறுக என்றது. 2023-இல் அங்குப் பெண்ணொருத்திக்கு 0.97. தென்கொரியாவில் அதே ஆண்டில் 0.72. அரசு நிறுத்தச் சொன்னபோது மக்கள் நிறுத்தினர். தொடங்கச் சொன்னபோது தொடங்கவில்லை. பிள்ளைப்பேறு திருகினால் திறந்து திருகினால் மூடும் தண்ணீர்க் குழாய் அன்று.

நம் நாட்டுக்கு வருவோம்.

1930-களிலேயே கருத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்தவர் தந்தை பெரியார். அவர் செய்த பாகுபாடு இன்றைக்கும் கூர்மையானது. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்தைக் கருதியோ, குடும்பச் சொத்துப் பங்கீட்டைக் கருதியோ, நாட்டின் வறுமையைக் கருதியோ கருத்தடை வேண்டுமென்றனர். அவரோ பெண் விடுதலை பெறுவதற்காகவே கருத்தடை வேண்டுமென்றார். இரண்டும் ஒரே ஊருக்குப் போகும் வழிகள்போலத் தோன்றும். ஆனால் நாட்டின் நலத்திற்காகத் தரப்பட்டதை, நாட்டின் நலத்திற்காகவே பறித்துக்கொள்ளலாம். பெண்ணின் உரிமை என்று தரப்பட்டதை அவ்வாறு பறிக்கவியலாது.

அரசுகள் தேர்ந்தது முதல் வழியையே. 1950-களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநிலம் கருத்தடை அறுவை செய்துகொண்டோர்க்குப் பணம் தந்தது. நெருக்கடி நிலையின்போது 1976-77 ஆகிய ஓராண்டில் மட்டும் இந்திய நாட்டில் 82 இலக்கத்திற்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலோர் ஆடவர், வடபுலத்தில் எத்தனையோ ஊர்களில் காவலர் சூழ்ந்து பிடித்துச்சென்று செய்தனர். 1977 தேர்தலில் ஆளுங்கட்சி அதற்கு விலை கொடுத்தது. அதன்பின் எக் கட்சியும் ஆடவரைத் தொட அஞ்சிற்று. சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கிற்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்து மணமான பெண்களுட் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். ஆடவர் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்களுக்கான அறுவை எளியது, இடர் குறைந்தது என்பதை மருத்துவர் அனைவரும் அறிவர். தமிழகம் பெருமையுடன் எடுத்துக்காட்டும் அக் குறைந்த எண்ணிக்கை பெண்ணின் வயிற்றுத் தழும்பால் எழுதப்பட்டது.

இதில் இன்னொரு கறையும் உண்டு. மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. சிறு குடும்பம் வேண்டும், அதில் ஆண்பிள்ளை இருந்தே ஆகவேண்டும் என்ற இரண்டு வேட்கைகள் ஒன்றுசேர்ந்தபோது பெண்குழந்தை கொல்லப்பட்டாள். உசிலம்பட்டிச் செய்தி 1986-இல் இதழ்களில் வெளிவந்து நாட்டை நடுங்க வைத்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவிலேயே பெண்ணெனக் கண்டு அழிப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் கொண்ட தலைப்பு புதல்வரைப் பெறுதல். ஏனை உரையாசிரியர் கொண்டது மக்கட்பேறு. வள்ளுவர் அறிவுடைய மக்களைச் சிறப்பித்த இடத்தில், அம் மக்கள் என்னும் சொல் பெண்ணை விலக்கி நின்றது என்று உரை வரைந்தவரும் அப் பரிமேலழகரே. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான தூய தமிழ்ச்சொல்லிலிருந்து பெண்ணை வெளியேற்ற ஓர் உரையாசிரியர்க்கு ஒரு தொடர் போதுமானதாயிருந்தது. வள்ளுவர் அவ் வதிகாரத்தில் எத்தனை பிள்ளை என்று எங்கும் எண்ணவில்லை என்பதும் நோக்கத்தக்கது. மலடி என்னும் சொல் வழங்கும் அளவிற்கு மலடன் என்னும் சொல் வழங்காமையையும் தமிழறிந்தோர் ஒருநாள் அமர்ந்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

சட்டத்திற்கு வருவோம். இந்தியாவில் 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உருமேனியாவிலும் மேலைநாடுகளிலும் பெண்கள் போராடியும் உயிர்விட்டும் பெற்றதை இங்கு அரசே எடுத்து நீட்டிற்று. ஏன் நீட்டிற்று? பெண்ணின் உடல்நலம் ஒரு நோக்கம். மக்கள்தொகை பெருகுகின்றது என்ற அச்சமும் அக் காலத்தின் காற்றில் நிறைந்திருந்தது. அச் சட்டத்தில் முடிவு பெண்ணுடையதன்று, மருத்துவருடைய கருத்து. கருத்தடைக் கருவி பொய்த்ததால் உண்டான கருவைக் கலைக்கும் வாயில் மணமானவளுக்கே திறந்திருந்தது. 2021 திருத்தம் அதனை எந்தப் பெண்ணுக்கும் உரியதாக்கி, சில வகையினர்க்கு 20 கிழமை வரம்பை 24 ஆக நீட்டிற்று. 2022 செப்தம்பர் 29-இல் உச்ச அறமன்றம் மணமாகாதவளையும் அவ் வகையினருள் சேர்த்துத் தீர்ப்பளித்தது. இவை நல்லவை. ஆயினும் அடித்தளம் மாறவில்லை. இன்னும் மருத்துவர் ஒப்பவேண்டும், வரம்பு கடந்தால் மன்றத்தின் வாயிலில் நிற்கவேண்டும். எண்ணிக்கையைக் குறைப்பது அரசுக்கு உவப்பாயிருந்த காலத்தில் திறக்கப்பட்ட வாயில் இது. கூட்டுவது உவப்பாகும் காலத்தில் இதே வாயிலில் யார் காவல் நிற்பர்? 1957-இல் திறந்து 1966-இல் மூடிய நாடு கண்முன் இருக்கிறது.

தொகுதி உரிமையைப் போராடிப் பெறவேண்டாமா எனின், வேண்டும், கடுமையாகப் போராடவேண்டும். அமெரிக்க மேலவையில் மக்கள் மிகுந்த கலிபோர்னியாவிற்கும் இரண்டு இடம். மிகக் குறைந்த வயோமிங்கிற்கும் இரண்டு இடம். செருமனியின் மாநிலப் பேரவையில் பெரிய மாநிலத்திற்கு ஆறு வாக்கு, சிறியதற்கு மூன்று வாக்கு. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சிறிய நாட்டிற்குத் தலைக்கணக்கிற்கு மிகுதியாக இடமளிக்கின்றனர். கூட்டாட்சி என்பது தலையெண்ணும் வேலை மட்டுமன்று என்பதை இத்தனை நாடுகள் அரசமைப்பில் எழுதி வைத்துள்ளன. தமிழகத்தின் வழக்கு இத்தகைய எழுத்துக்கான வழக்கு. அதனைப் பெண்களின் வயிற்றில் எழுதச் சொல்வது வழக்கைக் கைவிடுவதாகும். ஏனெனில் எண்ணிக்கையே உரிமை என்ற எதிரியின் அளவுகோலை அது ஒப்புக்கொள்கிறது.

பீகாரைப் பழித்துப் பேசும் நாவும் அடங்கவேண்டும். அங்கு 20 முதல் 24 அகவைப் பெண்களுள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினெட்டு நிரம்புமுன் மணம்செய்து கொடுக்கப்பட்டவர் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. தமிழகத்தில் அது நூற்றுக்குப் பதின்மூவர் அளவு. அப் பெண் தமிழகத்தைத் தோற்கடிக்கப் பிள்ளை பெறவில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. பதின்மூவர் என்பதும் தமிழகம் மகிழத்தக்க எண் அன்று.

இன்று தமிழகத்தில் இரண்டாம் பிள்ளை வேண்டும் என்று விரும்பியும் பெறாதிருப்பவர் பலர். குடிக்கூலி, பள்ளிக் கட்டணம், வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளின்மை, மகப்பேற்றால் வேலையே போகும் அச்சம், வீட்டுவேலை முழுதும் தன்மேல் விழுதல் என அவர்தம் தடைகளை எந்தத் தாயும் விரல்விட்டுச் சொல்வாள். சுவீடன் நாட்டில் 1930-களில் பிறப்பு குறைந்தபோது ஆல்வா மிர்தாலும் அவர் கணவரும் பெண்ணை ஒறுக்காமல் அவள் சுமையைக் குறைக்குமாறு நூலெழுதினர். அதன் விளைவாகக் கருத்தடைச் செய்தி மீதான தடை 1938-இல் நீங்கிற்று. மணத்திற்காகவும் மகப்பேற்றிற்காகவும் பெண்ணை வேலைநீக்கம் செய்யலாகாதென 1939-இல் சட்டம் வந்தது. (அதே நாடு அதே காலத்தில் தகுதியற்றோர் என முத்திரையிட்டு ஏழைப் பெண்களுக்குக் கட்டாய அறுவை செய்ததும் உண்மை, எந்த நாட்டையும் தெய்வமாக்க வேண்டா.) 1974-இல் தந்தைக்கும் பேறுகால விடுப்பு வந்தது. அங்கும் இப்போது பிறப்பு குறைந்தே வருகிறது. இவ் வுதவிகளால் பிள்ளைகள் பெருகியே தீருவர் என்று உறுதி சொல்வதற்கில்லை. அவை பெண்ணுக்கு உரியவை என்பதற்காகத் தரப்படவேண்டியவை; எண்ணிக்கை கூடினாலும் கூடாவிட்டாலும்.

தமிழக அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021 முதல் ஓராண்டுப் பேறுகால விடுப்பு தருகிறது. பாராட்டத்தக்கது. ஆனால் அந்நாளில் அவ் விதி இரண்டு பிள்ளையோடு நின்றது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்க்கு முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள். அவர்கள் முன்னைக் கணவரிடம் வளர்ந்தனர். மணம் முறிந்து அவர் மறுமணம் செய்துகொண்டார். அம் மணத்தில் முதன்முறையாகக் கருவுற்று 2021-இல் விடுப்புக் கேட்டார். கணக்கேட்டின்படி அது மூன்றாம் பிள்ளை, விடுப்பில்லை என்றனர். உயர் அறமன்றத்தில் தனி நடுவர் அவர் பக்கம் நின்றார். மேல்முறையீட்டில் ஆயம் அதனை மாற்றிற்று. மேடைகளில் பதினாறு பேசப்பட்ட 2024-இலும் அவ் வழக்கு முடியவில்லை. 2025 மே 23-இல் உச்ச அறமன்றம், பேறுகால விடுப்பு பெண்ணின் பிள்ளைப்பேற்று உரிமையின் ஒரு பகுதி எனத் தீர்ப்புரைத்து, அவ் வாசிரியைக்கு விடுப்பு வழங்குமாறு பணித்தது. தீர்ப்பு வந்த நாளில், எந்தப் பிள்ளைக்காக விடுப்புக் கேட்டாரோ அப் பிள்ளைக்கு மூன்று அகவை கடந்திருந்தது.